கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போகிறீர்களா?

நெய்வேலிக்கு சினிமா தூரத்துச் சங்கதி அல்ல. 2020 பிப்ரவரியில் ‘மாஸ்டர்’ படப்பிடிப்புக்காக விஜய் என்.எல்.சி. சுரங்கத்துக்கு வந்தபோது, வாசலில் திரண்ட கூட்டத்தைத் தமிழ்நாடே பார்த்தது. ஷிப்ட் முடிந்து வந்து நோட்டில் சீன் எழுதுகிறவர்களும் இந்த டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள். அவர்கள் சென்னைக்குப் பஸ் ஏறும்போது பையில் ஸ்கிரிப்ட் இருக்கும். அது இன்ன தேதியில் இன்னார் எழுதியது என்று காட்டும் அத்தாட்சி பெரும்பாலும் இருக்காது.

அந்த அத்தாட்சி என்ன செய்யும் என்பதை விஜய் நடித்த இன்னொரு படமே காட்டியது. உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் 2007-ல் ‘செங்கோல்’ என்ற கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். பதினோரு வருடம் கழித்து ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கிய ‘சர்கார்’ தீபாவளிக்குத் தயாரானபோது, அது தன் கதை என்று சங்கத்தில் புகார் கொடுத்தார். சங்கத் தலைவராக இருந்த கே.பாக்யராஜ் இரண்டையும் ஒப்பிட்டு, ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். ஒருவரின் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டார் என்ற ஒரு புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் வேறு என்றார் முருகதாஸ். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 அக்டோபர் 30 அன்று சமரசம் ஆனது. வருணின் பெயரைத் திரையில் போட ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் 6-ல் படம் வெளியானது.

சமரசம் என்பதால் யார் பக்கம் சட்டம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் 2007 என்ற தேதியோடு சங்கத்தில் ஒரு பதிவு இல்லாதிருந்தால், பெயர் தெரியாத ஓர் உதவி இயக்குநரின் பேச்சை யாரும் காது கொடுத்துக் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய கசப்பான உண்மை ஒன்று உண்டு. வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தை ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படமாக எடுத்துவிட்டார்கள் என்பது ஆனந்தின் வழக்கு. கருவும் கதைப்பொருளும் எவருக்கும் சொந்தமில்லை, அதை ஒருவர் விரித்து எழுதிய விதத்துக்கே பாதுகாப்பு என்று சொல்லி, நீதிமன்றம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆகவே ஒன்லைனை மட்டும் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறாதீர்கள். பாத்திரங்கள், காட்சி வரிசை, திருப்பங்கள், வசனம் எல்லாம் எழுதி முடித்த முழு ஸ்கிரிப்ட்தான் உங்கள் சொத்து.

எழுதிய கணமே காப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதிவேட்டில் உள்ளதை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக ஏற்கும். டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். டைரி எண் கிடைக்கும். ஆட்சேபணைக்கு 30 நாள் விட்டு, பிறகு பரிசீலிப்பார்கள். ஸ்கிரிப்ட்டை உறையில் போட்டு ஒட்டி, தனக்குத்தானே தபாலில் அனுப்பி வைத்துக்கொள்ளும் பழைய யோசனையை நம்பி இருக்க வேண்டாம். எழுதிய கதை நிறுவனத்துக்குப் போய்விடுமோ என்று என்.எல்.சி. ஊழியர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம்: வேலைநேரத்துக்கு வெளியே, வேலைக்குச் சம்பந்தமில்லாமல் எழுதிய கதை உங்களுடையதுதான், நிறுவனத்துடையது அல்ல.

அடுத்த ஆபத்து கதை சொல்லும் இடத்தில். நம் ஊரில் ஸ்கிரிப்ட்டைக் கொடுப்பதில்லை, உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்கிறோம். சொன்னதற்குத் தடயமே இருக்காது. அன்று இரவே ஒரு மெயில் அனுப்புங்கள்: “சார், இன்று மாலை உங்கள் அலுவலகத்தில் நான் எழுதிய இந்தத் தலைப்பிலான கதையை முழுவதும் சொன்னேன். உங்கள் பரிசீலனைக்காக மட்டுமே, ரகசியமாகச் சொன்னது. சினாப்சிஸ் இணைத்துள்ளேன்.” இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஜீ டெலிபிலிம்ஸுக்கு எதிரான சன்டயல் வழக்கில், நம்பிச் சொன்ன கான்செப்ட்டை எடுத்துக்கொண்டது நம்பிக்கை மீறல் என்று 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஐடியா என்று காப்புரிமையில் கைவிடப்படுவதைக்கூட இந்த வழியில் காப்பாற்ற முடியும். வாட்ஸ்அப், மெயில் எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றிவிடாதீர்கள். அவற்றைச் சாட்சியமாக வைக்கும்போது உரிய சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் கதை கேட்கும் முன்பே ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கலாம். ‘இதே போன்ற கதை எங்களிடம் இருந்தாலும் உரிமை கோர மாட்டேன்’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் வரைக்கும் போனால், உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். டைட்டில் கார்டில் பெயர் எப்படி வரும் என்பதை அட்வான்ஸ் வாங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

திருடு போய்விட்டதா? காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 62-ன்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். தயாரிப்பாளர் சென்னையில் இருந்தாலும் கடலூரில் தொடுக்க முடியும். தடையுத்தரவு, நஷ்டஈடு, லாபக் கணக்கு மூன்றும் கேட்கலாம். தெரிந்தே திருடியதாக நிரூபித்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைக்கும் வழி உண்டு. சிவில் வழக்குக்கு மூன்று வருடக் கெடு. ஆனால் டீசர் வந்த அன்றே தெரிந்தும், ரிலீசுக்கு முந்தின நாள்வரை காத்திருந்து தடை கேட்பவரை நீதிபதிகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பழைய பிரசுரத் தேதி மட்டும் இருந்தாலும் போதாது. 1996-ல் ‘ஜூகிபா’ என்ற கதையைப் பத்திரிகையில் எழுதிய ஆரூர் தமிழ்நாடன், 2010-ல் வந்த ‘எந்திரன்’ மீது தொடுத்த சிவில் வழக்கு 2023-ல் தள்ளுபடியானது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். அந்த நிலை வருவதற்கு முன்பே, கதை சொல்ல நாள் குறித்ததும் முதல் வேலையாக அந்த 500 ரூபாய் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.