ஒரே அட்டை, மூன்று வரிசை

அணுபுரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ரயில் டிக்கெட் எடுக்கும்போது கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது, டிக்கெட் வருவதில்லை. இரண்டையும் சேர்த்தே முடிக்க முடியாதா? ஒரு புரோகிராமுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்கிறார்களே, அவை ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாதா?” அணுபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது, செங்கல்பட்டுக்குத்தான் வர வேண்டும். பல மாநிலத்தவர் குடியிருக்கும் அணுசக்தித் துறையின் ஊர் அது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர்களின் கேள்வி என்பதால் முழுசாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதல் பாதிக்கு விடை எளிது. வங்கிக் கணக்கும் ரயில் இருக்கையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (எல்லாம் நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஒரே வேலைத் தொகுப்புக்குள்) இல்லை. தன் கணக்கை யாரும் மாற்றாதபடி போட்ட பூட்டை இன்னொரு நிறுவனத்தின் முடிவுக்காகத் திறக்காமல் வைத்திருக்க எந்த வங்கியும் ஒப்பாது. அதனால் முதலில் பணம் எடுக்கப்படுகிறது, பிறகு இருக்கை தேடப்படுகிறது, கிடைக்காவிட்டால் பணம் திரும்புகிறது. இந்த முறைக்கு ‘சாகா’ என்று பெயர் வைத்து ஆய்வாளர்கள் கார்சியா மொலினாவும் சேலமும் 1987இல் கட்டுரை எழுதினார்கள். வணிகருக்குச் செலுத்திய யுபிஐ பணத்துக்கு அவர் பக்கத்தில் உறுதி வந்து சேராவிட்டால் 5 நாளுக்குள் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ‘நொடியில் பரிமாற்றம்’ என்ற விளம்பரத்தை இந்த விதியோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாம் பாதிதான், ஒரு புரோகிராமுக்குள் ஓடும் வேலைகள் ஒன்றாக முடிவது எப்படி என்பதுதான், அழகான விஷயம். அதற்கு முன், பல இயந்திரங்கள் ஒன்றாக முடிப்பதைப் பார்த்துவிடலாம்.

ரயில்வேயின் முன்பதிவுக் கணக்கு ஒரே இடத்தில் இருப்பதல்ல. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் பிரிந்திருந்த தரவுத்தளங்களை ‘கான்செர்ட்’ என்ற மென்பொருள் 1999இல் ஒரே வலையாக இணைத்தது. இயந்திரங்களுக்கு இடையே பரிவர்த்தனையைச் சிதறாமல் கொண்டுசெல்ல அதற்குக் கீழே ‘ரிலையபிள் டிரான்சாக்‌ஷன் ரவுட்டர்’ என்ற இடைநிலை மென்பொருள் இருந்தது. வரலாற்றில் இன்னும் இரண்டு செய்தி போதும். எல்லாத் தரவுத்தளங்களையும் ‘தயாரா?’ என்று கேட்டு, எல்லாமே தயார் என்ற பிறகே ‘முடி’ என்று சொல்லும் இருகட்ட முறையை கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இல் எழுதிவைத்தார். அதற்கான பொது விதிமுறையாக ‘எக்ஸ்ஏ’வை எக்ஸ்-ஓப்பன் அமைப்பு 1991இல் வெளியிட்டது.

சிக்கல் தொடங்குவது புரோகிராமுக்குள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதை மூன்று த்ரெட்டுகளுக்கு, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் மூன்று வேலை இழைகளுக்கு, பிரித்துக் கொடுக்கிறோம். மூன்றும் ஒரே பரிவர்த்தனையைச் சேர்ந்தவை என்று தரவுத்தளத்துக்கு எப்படித் தெரியும்? எக்ஸ்ஏ சொல்லும் வழி ஓர் எண். அதன் முதல் பகுதி முழுப் பரிவர்த்தனைக்கும் பொது. அடுத்த பகுதி கிளையைக் குறிக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 64 பைட்.

நம் ரேஷன் கார்டு இப்படித்தான். அட்டை எண் குடும்பத்துக்கு, பெயர்கள் ஆட்களுக்கு. அரிசிக்கு அப்பா, பருப்புக்கு அம்மா, மண்ணெண்ணெய்க்குப் பையன் என்று மூன்று வரிசையில் நிற்கிறார்கள். பையனை அட்டை எண் சொல்லாமல் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வெளிக்கடையில் காசு கொடுத்து வாங்கி வருகிறான். பிறகு ‘இன்றைக்கு எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பிவிடு’ என்று வீட்டில் முடிவானால் அரிசியும் பருப்பும் திரும்பும், மண்ணெண்ணெய் மட்டும் தங்கிவிடும். பெரும்பாலான மென்பொருள் நூலகங்கள் பரிவர்த்தனை எண்ணை அதைத் தொடங்கிய த்ரெட்டின் சொந்த நினைவகத்தில்தான் வைக்கின்றன. புதிதாகப் பிறந்த த்ரெட்டுக்கு அது தெரியாது. அது எழுதியது தனியாக ‘கமிட்’ ஆகிவிடும், அதாவது நிரந்தரமாகப் பதிவாகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதன் ஆபத்து.

எண் தெரிந்து போனாலும் கடைக்காரர், அதாவது தரவுத்தளம், எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது மீதிக் கதை. ஒருவர் அட்டையைப் பார்ப்பவர்: அப்பா எடுத்துவைத்த மூட்டையை அம்மா தொட்டால் ‘ஒரே வீடுதானே’ என்று விட்டுவிடுவார். இது இறுக்கமான பிணைப்பு. இன்னொருவர் முகத்தைப் பார்ப்பவர்: மூட்டைக்கு உரியவர் வந்து முடிக்கும்வரை அம்மாவை நிறுத்திவைப்பார். இது தளர்வான பிணைப்பு. அப்பாவோ அம்மா வந்தால்தான் கணக்கை முடிப்பேன் என்று வீட்டுத் திண்ணையில் காத்திருக்கிறார். கடையில் காத்திருப்பது அம்மா ஒருவர் மட்டுமே என்பதால் கடைக்காரருக்கு இது முட்டுச்சந்தாகவே, ஒருவருக்காக ஒருவர் காத்து இருவரும் நகராமல் நிற்பதாகவே, தெரியாது. முட்டுச்சந்துகளைக் கண்டுபிடிக்கும் தரவுத்தளத்தின் காவல் இங்கே கண்ணிழந்துவிடுகிறது, ஏனென்றால் பாதிக் காத்திருப்பு புரோகிராமுக்குள் நடக்கிறது. நேரக்கெடு தீர்ந்து எல்லாம் ரத்தாகும்வரை குடும்பம் தன்னையே பூட்டிக்கொண்டு நிற்கும்.

வரிசையில் பையை வைத்து இடம்பிடித்துவிட்டுப் போவதற்கும் எக்ஸ்ஏ இடம் தருகிறது. ஒரு த்ரெட் வேலையை நிறுத்திவைத்து விலகலாம். வேறொரு த்ரெட் அதே இடத்திலிருந்து தொடரலாம். தரவுத்தளம் இதை அனுமதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பையை ஓரமாகத் தள்ளிவைக்கும் கடைகளும் உண்டு.

கடைசிக் கேள்வி, ‘முடி’ என்று எப்போது சொல்வது? பையன் இன்னும் தெருமுனையில் இருக்கும்போது கணக்கை முடித்தால் அவன் வாங்கியது எதில் சேரும்? மைக்ரோசாஃப்ட் 2005இல் வெளியிட்ட டாட்நெட் என்ற மென்பொருள் தளத்தின் இரண்டாம் பதிப்பு இதற்குத் தெளிவான விடை வைத்திருந்தது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பரிவர்த்தனையின் சார்புப் பிரதி ஒன்றைக் கொடுத்து, இரண்டு நிபந்தனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: எல்லோரும் ‘முடித்தேன்’ என்னும்வரை கமிட் காத்திருக்கும், அல்லது யாராவது பாக்கி இருக்கும்போதே கமிட் கேட்டால் மொத்தமும் ரோல்பேக் ஆகும், அதாவது பழைய நிலைக்கே திரும்பும். மூன்றாவது வழி கிடையாது. இந்தக் கறார்த்தனம் எனக்கு மிகவும் பிடித்தது. வேலையை எத்தனை கைகளுக்கு வேண்டுமானாலும் பிரித்துத் தரலாம், முடிவை ஒருவர்தான் எடுக்க முடியும்.

இவ்வளவு பாடுபட்டால் வேகம் கூடுமா? த்ரெட்டைக் கூட்டினால் வேகம் கூடும் என்று விற்பனை மேடைகளில் சொல்லப்படுவதை இங்கே நம்பக் கூடாது. ஆரக்கிள் தரவுத்தளம் இறுக்கமாகப் பிணைந்த கிளைகளுக்குப் பூட்டுகளைப் பகிர்ந்து கொடுக்கிறது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கிளையின் கட்டளையைத்தான் ஓடவிடுகிறது. வாசலில் மூன்று பேர் நின்றாலும் தராசு ஒன்றுதான். த்ரெட்டுகள் வெவ்வேறு தரவுத்தளங்களோடு பேசும்போதுதான் வேலையை இப்படிப் பிரிப்பதால் பயன் உண்டு. ஒரே தரவுத்தளம்தான் என்றால் வேலைகளை ஒரே த்ரெட்டில் வரிசையாகச் செய்து கமிட் செய்வதே பாதுகாப்பு. பெரும்பாலும் அதுவே வேகமும்கூட.