முதல் வகுப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

கொள்முதலுக்காக வெளியூர் போய்வரும் வணிகர்களிடையே, எந்த வகுப்பில் பயணம் செய்வது என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. "உழைத்துச் சம்பாதிக்கிறோம், உடம்புக்குச் சுகம் வேண்டாமா?" என்பது ஒரு கட்சி. "வண்டி எல்லோரையும் ஒரே நேரத்தில்தானே கொண்டு போய்ச் சேர்க்கிறது?" என்பது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடும்போது நம்மில் பலர் முதல் வகுப்பைக் கடைசி வகுப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் எதுவும் மலிவாகத்தான் தோன்றும். அதற்கு அடுத்த கீழ் வகுப்போடு ஒப்பிட்டு, இந்த ஒரு படி ஏறுவதற்கு என்ன கொடுக்கிறோம், என்ன பெறுகிறோம் என்று பார்ப்பதே வியாபாரக் கணக்கு.

முதலில் நமது மின்சார ரயிலை எடுத்துக் கொள்வோம். திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர் பகுதியிலிருந்து சென்னைக்குச் சரக்கு விசாரிக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாதைதான் கதி. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயிலும் இந்த வழியாகத்தான் போனது. இதில் முதல் வகுப்புப் பெட்டி தனியாக உண்டு. கட்டணம் இரண்டாம் வகுப்பைப் போலப் பல மடங்கு. 2022 மே மாதம் 5-ஆம் தேதி முதல் புறநகர் ரயில்களில் முதல் வகுப்பு ஒற்றைப் பயணக் கட்டணத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் வித்தியாசம் பெரியதுதான். அந்தப் பணத்திற்குக் கிடைப்பது சற்று நல்ல இருக்கையும், நெரிசல் குறைவும். வேகம் ஒன்றே, மின்விசிறியும் ஒன்றே.

நெரிசல் குறைவு பெரிய வசதிதான். ஆனால் அது யாருக்கு என்று பார்க்க வேண்டும். காலையில் அரக்கோணத்திலிருந்து புறப்படும் வண்டி நம் ஊருக்கு வரும்போது கூட்டம் ஏறுவதற்கு இன்னும் பல நிலையங்கள் இருக்கின்றன. திருவள்ளூர் தாண்டி, ஆவடி, அம்பத்தூர் வரும்போதுதான் மூச்சு முட்டும். அதற்குள் நாம் உட்கார்ந்திருப்போம். மாலையில் சென்னையில் புறப்படும் இடத்திலேயே ஏறுகிறவர் பத்து நிமிடம் முன்னதாக வந்தால் இடம் பிடித்துவிடலாம். ஆகவே நம் பக்கத்து வணிகருக்கு முதல் வகுப்பு சீசன் டிக்கெட் தேவையில்லை என்பதே நமது கருத்து. இடையில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஏறும் வயதானவர்கள் வாங்கினால் அது வேறு விஷயம். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டை வைத்துக் கொண்டு முதல் வகுப்பில் ஏறிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும்.

(காரைக்கால் அம்மையாரும் வணிகர் வீட்டுப் பெண்தான், வணிகருக்கு வாழ்க்கைப்பட்டவர்தான். கயிலைக்கே தலையால் நடந்து போய், பின்பு நம் திருவாலங்காட்டில் வந்து தங்கியவர். அவருக்கு எந்த வகுப்பும் தேவைப்படவில்லை. நமக்கு அந்தப் பக்குவம் இல்லாததால்தான் இந்தக் கட்டுரை!)

இனி இரவுப் பயணம். மஞ்சளுக்கு ஈரோடு, ஜவ்வரிசிக்குச் சேலம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் அரக்கோணத்திலோ சென்னையிலோ இரவு வண்டி ஏறுகிறார்கள். இங்கே நான்கு படிகள் உள்ளன: சாதாரண ஸ்லீப்பர், ஏ.சி. மூன்றடுக்கு, ஏ.சி. இரண்டடுக்கு, ஏ.சி. முதல் வகுப்பு. ஸ்லீப்பரிலிருந்து மூன்றடுக்குக்கு ஏறும்போது கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. ஆனால் அந்தப் படியில்தான் மிகப் பெரிய மாற்றமும் கிடைக்கிறது. புழுதி இல்லை, இரைச்சல் குறைவு, தூக்கம் வருகிறது. தூக்கம் என்பது நமக்கு வெறும் சுகமல்ல. விடியற்காலை இறங்கி, மண்டியில் விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் ஒடித்துப் பார்த்து, ஈரப்பதம் கையில் உணர்ந்து விலை பேச வேண்டும். கண் எரிந்து கொண்டிருப்பவர் பத்து மூட்டையில் ஒரு மூட்டைக் கழிவைக் கவனிக்காமல் விட்டால், மிச்சம் பிடித்த டிக்கெட் பணத்தைப் போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

மூன்றடுக்கிலிருந்து இரண்டடுக்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நடுப் படுக்கை இல்லை என்பதால் நிமிர்ந்து உட்காரலாம், திரைச்சீலை உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது தேவைதான்.

இரண்டடுக்கிலிருந்து முதல் வகுப்புக்கு மீண்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். இதற்கு என்ன கிடைக்கிறது? கதவை உள்ளே தாழிட்டுக் கொள்ளும் அறை. நான்கு பேர் அறையும் உண்டு, கூப்பே என்று இரண்டு பேர் அறையும் உண்டு. எந்த அறை, யாரோடு என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். தனியாகப் போகிறவர் முன்பின் தெரியாத மூவரோடு தாழிட்ட அறையில் படுக்க நேரிடும். பணம் வைத்திருப்பவருக்கு இது பாதுகாப்பா என்று அவரவரே யோசித்துக் கொள்ளட்டும். அங்கேயும் மேல் படுக்கை இருக்கிறது என்பது ஏறிப் பார்க்காத பலருக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு, இரண்டடுக்கு வகுப்புகளில் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். நம் வயதுக்காரர்களுக்கு மிஞ்சியது இந்த ஒதுக்கீடுதான்.

முதல் வகுப்பில் 70 கிலோ வரை சாமான் இலவசம், இரண்டடுக்கில் 50 கிலோ என்பதைச் சிலர் பெரிய ஆதாயமாகச் சொல்கிறார்கள். அது சொந்தச் சாமானுக்கு. வியாபாரச் சரக்கை அந்தக் கணக்கில் பெட்டிக்குள் ஏற்ற விதியில்லை, புக் செய்து பிரேக் வேனில்தான் போட வேண்டும். சாம்பிள் பைக்கு மூன்றடுக்கின் 40 கிலோவே தாராளம். மேலும் நம் தொழிலில் பயணம் திடீரென்று முடிவாவது. ஏ.சி. முதல் வகுப்புக்குத் தட்கல் கிடையாது. கீழ் வகுப்புகளுக்கு உண்டு. (2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில்தான் தட்கல் எடுக்க முடிகிறது. இணைக்காதவர்கள் முன்கூட்டியே செய்து வைக்கவும்.)

ஒரு கணக்குப் பார்ப்போம். மேல் வகுப்புக்குப் போகவர 800 ரூபாய் அதிகம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அரிசியில் கிலோவுக்கு 2 ரூபாய் நிகரமாக நிற்கிறது என்றால், அந்த 800-ஐ எடுக்க 400 கிலோ விற்க வேண்டும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு புழக்கத்துக்கு வந்த 26 கிலோ சிப்பமாகப் பார்த்தால் பதினைந்துக்கு மேல். பதினைந்து சிப்பத்தைத் தூக்கி எடை போட்டு, அதில் நாலைந்தைக் கடனுக்குக் கொடுத்து வசூலிக்கும் பாடு நமக்குத் தெரியும். ஒரு கதவுத் தாழுக்கு அது அதிக விலை.

பகலில் கோவை போகும் வந்தே பாரத் வண்டியிலும் இதே கதைதான். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த வண்டியில் சேர் காரில் வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து இருக்கை, எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் நான்கு. ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பகல் பயணத்தில் ஒரு இருக்கை அகலத்துக்காக இரு மடங்கு போலக் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகாய விமானத்தையும் சொல்லாமல் விட முடியாது. துபாயில் நடக்கும் கல்ஃபுட் உணவுப் பொருள் கண்காட்சிக்குப் போய்வரும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கும் சாதாரண வகுப்பிலிருந்து பிசினஸ் வகுப்புக்கு ஏறுவதுதான் பெரிய படி. ஒரு காலத்தில் கால் நீட்டிப் படுப்பது முதல் வகுப்பில் மட்டும் கிடைத்தது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிசினஸ் வகுப்பிலேயே சமதளப் படுக்கையைக் கொண்டு வந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதன் பிறகு முதல் வகுப்புக்கு மிஞ்சியது அடைத்த அறையும், உயர்ந்த சாப்பாடும், கூடுதல் உபசாரமும். எமிரேட்ஸின் பெரிய ஏ380 விமானத்தில் முதல் வகுப்புக்குக் குளியலறையே உண்டு. ஆனால் துபாய்க்குப் பறப்பது சுமார் நான்கு மணி நேரம். வீட்டில் குளித்துவிட்டுப் போகலாம். முதல் வகுப்பு விற்காததால் யுனைடெட் போன்ற பெரிய நிறுவனங்களே அதை எடுத்துவிட்டன. விற்கிற சரக்கை எந்தக் கடைக்காரரும் அலமாரியிலிருந்து எடுப்பதில்லை.

வரியையும் சேர்த்துக் கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சாதாரண வகுப்பு விமான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட எல்லா வகுப்புகளுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. முன்பு மேல் வகுப்புகளுக்கு 12 ஆக இருந்தது. விகிதம் பிசினஸுக்கும் முதல் வகுப்புக்கும் ஒன்றே என்றாலும், விலை ஏற ஏற வரித் தொகையும் ஏறும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பைசாவும் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பாது.

எங்கே முதல் வகுப்பு தகும்? மனைவியோடு இருவராகப் போகும்போது, அறுவைச் சிகிச்சைக்குப் பின் போகும்போது, வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெரியவரை அழைத்துப் போகும்போது. அந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதாமல் வீட்டுக் கணக்கில் எழுதுங்கள். வியாபாரப் பயணமாக ஏ.சி. வகுப்பில் போகிற பதிவு பெற்ற வணிகர்கள், டிக்கெட் எடுக்கும்போதே ஜி.எஸ்.டி. எண்ணைக் குறிப்பிட்டு விடுங்கள்.