வைகை அணையிலிருந்து லோயர்கேம்ப் வரை

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையை ஆண்டிப்பட்டிக்கு அருகே மறிப்பது, 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை. உயரம் 111 அடி. தண்ணீர் தேக்குவதோ 71 அடிவரைதான். குடும்பங்கள் பெரும்பாலும் அணைப் பூங்காவோடு திரும்பிவிடுகின்றன. அது பாதிச் சுற்றுலாதான்.

மீதிக் கதை கூடலூரைத் தாண்டி, லோயர்கேம்ப்பில் இருக்கிறது. அங்கே 2013இல் திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபம் உள்ளது. மேற்கே ஓடிய பெரியாற்றுக்கு 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பியவர் அவர். மின்நிலையத்துக்காக மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென விளங்கும். அந்த நீரும் வைகை அணைக்கே போய்ச் சேர்கிறது.

வழியில் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தால், குனிந்து நடக்க வேண்டியது பெரியவர்கள்தான். அருகிலுள்ள சுருளி அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை. மழைக்காலத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.