குறைபார்வை உள்ள பிள்ளைக்கு வீ.ஆர். ஹெட்செட் உதவுமா?

வளைகுடா நாடுகளில் தொழில் புரியும் எமது உறவினர்கள் விடுமுறையில் கொண்டு வரும் பொருட்களில் இப்போது வீ.ஆர். ஹெட்செட்டும் சேர்ந்துவிட்டது. தலையில் மாட்டிக்கொண்டு விளையாடும் சாதனம் என்றே பலரும் இதனை அறிந்துள்ளனர். ஆனால் இதனைக் கணினித் திரைக்குப் பதிலாகவும் பயன்படுத்தலாம். மடிக்கணினியுடன் இணைத்தால், சுவர் அளவு திரையொன்று கண்முன் விரிவது போலத் தெரியும்.

இது தொடர்பில் பெற்றோர் மத்தியில் இரு கருத்துகள் நிலவுகின்றன. "கண்ணுக்கு இவ்வளவு கிட்ட வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும்" என்பது ஒன்று. "கண் தெரியாத பிள்ளைக்கும் இதைப் போட்டால் தெரியுமாம்" என்பது மற்றையது. இரண்டுமே சரியல்ல.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஹெட்செட்டின் திரை கண்ணிலிருந்து சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் உள்ள வில்லை, அந்தப் பிம்பத்தை ஒன்று முதல் இரண்டு மீற்றர் தூரத்தில் இருப்பது போலக் கண்ணுக்குக் காட்டுகிறது. ஆகவே தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணியும் மாணவர், ஹெட்செட்டுக்குள்ளும் பெரும்பாலும் அதனை அணிய வேண்டும். மாறாக, நாற்பது வயதைக் கடந்து வெள்ளெழுத்துக்காக மட்டும் கண்ணாடி போடுபவர்கள் பலருக்கு அது இல்லாமலே தெளிவாகத் தெரியும்.

அடுத்தது கூர்மை. கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்திப் பிடியுங்கள். அதன் அகலம் உங்கள் பார்வையில் ஏறத்தாழ ஒரு பாகை. கண் பரிசோதனையில் 6/6 பெறும் கண்ணால் அந்த ஒரு பாகைக்குள் 60 புள்ளிகளைப் பிரித்தறிய முடியும். மேசையில் உள்ள 24 அங்குலக் கணினித் திரை, 60 சென்ரிமீற்றர் தூரத்தில் பாகைக்குச் சுமார் 40 புள்ளிகளைத் தருகிறது. 2023 இல் வெளிவந்த மெட்டா குவெஸ்ட் 3 தருவதோ சுமார் 25 புள்ளிகள்தான். எனவே நல்ல பார்வை உள்ளவர் ஹெட்செட்டில் நீண்ட நேரம் வாசித்தால், எழுத்துகள் சற்று மங்கலாக இருக்கின்றன என்று குறைப்படுவார்.

குறைபார்வை உள்ளவரின் கணக்கு வேறு. கண்ணாடி அணிந்த பின்னரும் பார்வை 6/18 ஐ விடக் குறைவாக இருந்தால் அதனைக் குறைபார்வை என்பது வழக்கம். 6/18 பார்வை உள்ள கண்ணுக்குப் பாகைக்கு 20 புள்ளிகள் போதும். 6/60 என்றால், அதாவது சாதாரண கண் 60 மீற்றரில் காண்பதை 6 மீற்றரில்தான் காணுமென்றால், 6 புள்ளிகளே போதும். கூர்மையான கண்ணுக்குக் குறையாகப் படுவது, இந்தப் பிள்ளைக்குக் குறையே அல்ல. இவருக்குத் தேவை பெரிய எழுத்தும், அது அடங்கும் அகன்ற இடமும். மேற்சொன்ன கணினித் திரை ஏறத்தாழ 48 பாகை அகலத்தையே நிரப்பும். ஹெட்செட் அதைப்போல இரு மடங்குக்கும் அதிகமாக நிரப்புகிறது. திரையில் மூக்கு முட்டக் குனியாமல், நிமிர்ந்திருந்து வாசிக்கலாம்.

இது புதிய சிந்தனையும் அல்ல. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்மர் கண் நிறுவனமும் நாசாவும் இணைந்து 1990களிலேயே குறைபார்வையாளருக்காகத் தலையில் அணியும் கமராத் திரையொன்றை உருவாக்கின. 2019 இல் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள், வீ.ஆர். காட்சிகளைப் பெருப்பித்தல், நிற வேறுபாட்டைக் கூட்டுதல் உள்ளிட்ட 14 கருவிகளை முன்வைத்தனர். அப்பிள் விஷன் புரோவில் திரைவாசிப்பான், உருப்பெருக்கி ஆகியன உள்ளடங்கியுள்ளன. ஒரு கண் மட்டும் தெரிபவருக்காக, அந்தக் கண்ணின் அசைவை மட்டும் கவனிக்குமாறும் அதனை அமைக்கலாம்.

ஆயினும் எல்லாப் பார்வைக் குறைபாட்டுக்கும் இது ஒரே விதமாக உதவாது. விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டவருக்கு உருப்பெருக்கம் நன்கு உதவும். குளுக்கோமா போன்ற நோயால் பக்கப் பார்வை சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பது போல் ஆனவருக்கு, பெருப்பித்தால் தெரிவது இன்னும் குறையும். அவருக்குச் சிறிய திரையே நல்லது. கண்புரை என்றால் தேவை சத்திரசிகிச்சை, ஹெட்செட் அல்ல. ஒளியே உணராத கண்ணுக்கு எந்தத் திரையும் பயன்படாது. அங்கே குரல்வழி வாசிப்பும் பிரெய்லும்தான் வழி.

வேறு சில விடயங்களையும் மனதில் கொள்ள வேண்டும். குவெஸ்ட் 3 இன் நிறை அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம். அதில் பெரும்பகுதி முன்பக்கமாக முகத்தில் தங்குகிறது. கண்கள் அருகிலுள்ள பொருளை நோக்கித் திரும்பினாலும் குவியம் ஒரே தூரத்தில் நிற்பதால் களைப்பும் தலைவலியும் வரலாம். மெட்டா 10 வயதையும் அப்பிள் 13 வயதையும் குறைந்தபட்ச வயதாக அறிவித்துள்ளன. வலிப்பு உள்ளவர்கள் வைத்திய ஆலோசனையின்றி அணியக் கூடாது. இதனை அணிந்துகொண்டு வீதியில் நடக்கவே கூடாது. வில்லையில் வெயில் படும்படி வைத்தால் உள்ளே உள்ள திரை கருகிவிடும்.

ஆகவே பணத்தைச் செலவழிக்க முன்னர் சில காரியங்களைச் செய்யுங்கள். பிள்ளையைக் கண் வைத்தியரிடம் காட்டி, எந்தப் பகுதியில் எவ்வளவு பாதிப்பு என்று கேட்டறியுங்கள். பல பிள்ளைகளின் பிரச்சினை சரியான கண்ணாடியோடு தீர்ந்துவிடுகிறது. கையடக்கத் தொலைபேசியிலேயே உருப்பெருக்கி இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை டெப்லட்டில் வேண்டிய அளவு பெரிதாக்கி வாசிக்கலாம். அதன் பின்னரும் போதவில்லை என்றால், தெரிந்தவரிடம் ஹெட்செட்டை இரவல் வாங்கி, பிள்ளையின் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தையே அதில் வாசிக்கச் சொல்லுங்கள். விளையாட்டைக் காட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வாசிக்கும் பிள்ளையை "தள்ளிப் பிடி" என்று அதட்ட வேண்டாம். கிட்டப் பிடிப்பதால் கண் கெடுவதில்லை. எழுத்தைப் பெரிதாக்க அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்த வழி அது. முன்வரிசையில் ஓர் இடமும், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாளும் கொடுக்க எந்த இயந்திரமும் தேவையில்லை.