ஓப்பெத்: உறுமல் நின்ற காலமும் திரும்பிய காலமும்

ஸ்வீடனின் ஓப்பெத் இசைக்குழுவை நேசிப்பவர்களிடம் 2011 என்று சொன்னாலே போதும், வாக்குவாதம் தொடங்கிவிடும். அந்த ஆண்டு வந்த ‘ஹெரிட்டேஜ்’ ஆல்பத்தில்தான் அவர்கள் உறுமிப் பாடுவதை அடியோடு விட்டார்கள். டெத் மெட்டலில் வளர்ந்த குழு, எழுபதுகளின் புராக்ரஸிவ் ராக் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டது.

அதற்கு முந்தைய ஓப்பெத்தை அறிய 2001இன் ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஒன்றே போதும். பத்து நிமிடத்தைத் தாண்டும் பாடல்கள். பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். கிட்டார்கள் நம்மை நெருக்கிக்கொண்டு வரும். சட்டென்று எல்லாம் அடங்கும். அதே மனிதர், அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் துணையிருக்க, மென்குரலில் பாடுவார். அந்தத் திருப்பத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் விழுந்தோம்.

மென்மை அவர்களுக்குப் புதிதுமல்ல. 2003இல் வந்த ‘டேம்னேஷன்’ ஆல்பத்தில் ஒரு உறுமல்கூடக் கிடையாது. அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். முரட்டுத்தனமான ‘டெலிவரன்ஸ்’ முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. இரண்டும் ஜோடியாக உருவானவை. ஒன்றின் வெறுமையை மற்றது நிரப்பியது.

‘ஹெரிட்டேஜ்’ தனியாக வந்தது. பியானோவில் தொடங்கி, புல்லாங்குழல், பழைய கீபோர்டு ஒலிகள், உலர்ந்த டிரம் சத்தம் என்று போகும். ‘ஸ்லிதர்’ பாடல், 2010இல் மறைந்த மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி. ஒரு சாரார் துரோகம் என்றார்கள். இன்னொரு சாரார் துணிச்சல் என்றார்கள். ஓகர்ஃபெல்டுக்கு உறுமக் குரலே இல்லை என்றும் பேச்சு கிளம்பியது. அது தவறு. அடுத்த ஆண்டுகளின் மேடைகளில் பழைய பாடல்களுக்கு அவர் உறுமிக்கொண்டுதான் இருந்தார்.

என் கருத்தில், உறுமல் போனதல்ல அந்த ஆல்பத்தின் குறை. பல பாடல்கள் ஒரு நல்ல பகுதியிலிருந்து இன்னொரு நல்ல பகுதிக்குத் தாவுகின்றன. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இழுவிசை இல்லை. ‘பிளாக்வாட்டர் பார்க்’கில் அமைதி வரும்போது நமக்குப் பயம் இருந்தது. இங்கே அமைதி வெறும் அமைதிதான். ஆனால் ‘ஃபேமின்’ வேறு ரகம். பெருவின் அலெக்ஸ் அகுன்யாவின் தாள வாத்தியங்கள், கரகரக்கும் புல்லாங்குழல், கனத்த ரிஃப் மூன்றும் சேர்ந்து, உறுமல் இல்லாமலே அந்தப் பயத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன.

பிறகு ‘பேல் கம்யூனியன்’, ‘சோர்சரஸ்’, ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலுமாக 2019இல் வந்த ‘இன் காடா வெனெனம்’. ஒவ்வொன்றிலும் பாடலமைப்பு இறுகிக்கொண்டே வந்தது. பலர் அதற்குள் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

2024 நவம்பரில் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ வந்தது. ஒரு குடும்பத் தலைவரின் உயில் வாசிக்கப்படும் கதை. இறந்தவரின் அதிகாரம் உறுமலாக ஒலிக்கிறது; ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் கதைகூறி, புல்லாங்குழலும் வாசிக்கிறார். பழைய ஓப்பெத் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுமல் பழையது, அதைச் சுற்றியுள்ள கீபோர்டும் தாளத் திருப்பங்களும் 2011க்குப் பிறகு கற்றவை. அந்த ஆண்டுகள் இல்லாமல் இந்த ஆல்பம் பிறந்திருக்காது.

புதியதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், அன்று ஒதுக்கிவைத்த ‘ஹெரிட்டேஜை’ மறுபடி எடுங்கள். ‘ஃபேமின்’ பாடலிலிருந்து தொடங்குங்கள்.