உங்களுக்குத் தெரியுமா? சீட் காலியிருந்தால்தான் பயணம்!

★ அமெரிக்க விமான நிறுவன ஊழியர்கள் தங்கள் நிறுவனத்தின் விமானங்களில் கட்டணமில்லாமலோ, மிகக் குறைந்த கட்டணத்திலோ பறக்கலாம். ஆனால் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் இடம் தந்த பிறகு மிஞ்சும் சீட்தான் அவர்களுக்கு. இதுதான் ‘ஸ்டாண்ட்பை’ பயணம். பண்டிகைக் காலத்தில் கேட் அருகே காத்திருந்தே ஒரு நாள் முழுவதும் போய்விடும்.

★ காத்திருப்போர் வரிசையில் யார் முதலில்? டெல்டாவிலும் யுனைடெட்டிலும் பணிமூப்புக்குத்தான் முன்னுரிமை. விடியற்காலையிலேயே வந்து நிற்கும் புதியவரைத் தாண்டி, 30 வருட சர்வீஸ் உள்ளவர் கடைசி சீட்டில் ஏறிவிடுவார். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரே பிரிவில் உள்ளவர்களுக்குள் முதலில் செக்-இன் செய்தவருக்கே முதலிடம்.

★ இந்தச் சலுகைக்கு அமெரிக்காவில் வருமான வரி இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு ஊழியருக்கும், வாழ்க்கைத் துணைக்கும், அவரைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் விலக்கு தருகிறது. விமானப் பயணத்துக்கு மட்டும் பெற்றோரையும் சேர்த்திருக்கிறார்கள். அப்பா அம்மாவை நினைத்துப் பார்த்த நல்ல சட்டம்!

★ பல விமானிகளும் பணிப்பெண்களும் டூட்டி தொடங்கும் ஊரில் வசிப்பதில்லை. வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம். வேலைக்குப் போவதே ஸ்டாண்ட்பையில்தான். சீட் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். டூட்டி நேரம் மட்டும் மாறாது. பல நிறுவனங்களில் வருகைப் பதிவுக்குப் புள்ளி முறை உண்டு. தாமதமாக வந்தால் ஒரு கணக்கு, வராமலே போனால் அதைவிடப் பெரிய கணக்கு. புள்ளிகள் சேரச் சேர எச்சரிக்கைக் கடிதம் வரும், கடைசியில் வேலையே போகும்.

★ இதற்காகவே பல தொழிற்சங்க ஒப்பந்தங்களில் ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. சீட் காலியாக இருப்பதாகத் தெரிந்த விமானத்துக்குக் கிளம்பி, அது தவறினால் ஏறுவதற்கு இன்னொரு விமானத்தையும் முன்கூட்டியே பார்த்துவைத்து, இரண்டும் கைவிட்டால் ஊழியருக்குத் தண்டனை இல்லை. உடனே தகவல் சொல்லியிருக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு. எல்லா நிறுவனங்களிலும் இருக்க வேண்டியது.

★ 2009 பிப்ரவரி 12. நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்குப் பணித்தளம் நியூவார்க். வீடோ நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கம். முந்தைய இரவு சரக்கு விமானத்தில் ஏறி, மெம்பிஸில் மாறி, விடியற்காலையில் வந்து சேர்ந்திருந்தார். உடம்பும் சரியில்லை. இப்போது லீவ் சொன்னால் ஓட்டல் செலவு தன் தலையில் விழும் என்று அவர் பேசியது விமானி அறை ஒலிப்பதிவில் இருக்கிறது. விமானக் கருவி எச்சரித்தபோது தலைமை விமானி தவறாகச் செயல்பட்டதே விபத்துக்குக் காரணம் என்றது விசாரணை வாரியம். களைப்பு இருவரின் திறனையும் குறைத்திருக்கலாம் என்றும், அதன் பங்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் குறிப்பிட்டது. உடம்பு முடியாத ஒருவர் ஓட்டல் வாடகையை எண்ணிப் பார்க்கவேண்டிய நிலையை வைத்திருந்தது யார் என்ற கேள்வியை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன்.

★ அந்த விபத்துக்குப் பிறகு வந்த ஓய்வு விதிகள் 2014 ஜனவரி 4 முதல் நடைமுறையில் உள்ளன. பயணிகள் விமானத்தின் விமானிக்கு டூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு. சரக்கு விமானிகளுக்கு இது கட்டாயமில்லை. வீட்டிலிருந்து பணித்தளத்துக்கு வரும் பயணம் டூட்டிக் கணக்கில் சேராது.

★ நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதிக்கு ‘க்ரூ கார்டன்ஸ்’ என்று செல்லப்பெயர். ஜே.எஃப்.கே., லகார்டியா இரண்டுக்கும் பக்கம் என்பதால், பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறைகளில் பணியாளர்கள் தங்குகிறார்கள்.

★ உடல்நலக் குறைவென்று லீவ் எடுத்துவிட்டு ஸ்டாண்ட்பையில் ஊர் சுற்றப் போனால்? ஏறிய விமானம், நாள், நேரம் எல்லாம் நிறுவனத்தின் கணினியிலேயே பதிவாகும். மருத்துவ விடுப்பில் சலுகைப் பயணம் கூடாது என்பது பல நிறுவனங்களின் விதி. மீறினால் சலுகை போகும், வேலையும் போகலாம்.

★ குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி லீவ் பெற, ஆண்டுக்கு 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். விமானிகளோ ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கவே கூடாது! இந்தச் சிக்கலைத் தீர்க்க 2009-இல் திருத்தம் வந்தது. விமானப் பணியாளருக்கு 504 மணி நேரமும், மாத உத்தரவாத நேரத்தில் 60 சதவீதமும் போதும்.

★ 2017 மார்ச்சில் டென்வரில் லெக்கிங்ஸ் அணிந்த இரண்டு சிறுமிகளை யுனைடெட் விமானத்தில் ஏற்றவில்லை. ஊழியர் சலுகையில் வந்தவர்களுக்கு உடைக் கட்டுப்பாடு இருந்ததுதான் காரணம். டிக்கெட் வாங்கியவர்களுக்கு அந்த விதி கிடையாது.

★ உங்கள் உறவினரோ நண்பரோ விமான நிறுவனத்தில் வேலை பார்த்து, உங்களுக்கும் ஒரு சலுகைப் பயணம் வாங்கித் தந்தால், கேட்டில் இருப்பவரிடம் சத்தம் போடாதீர்கள், அந்தச் சீட்டை யாருக்கும் விற்காதீர்கள். உங்கள் நடத்தைக்குப் பொறுப்பேற்பவர் அந்த ஊழியர்தான்.