இரத்தம் சிந்திய களி

1819ஆம் ஆண்டுக் கோடைக்காலம். இத்தாலி நாட்டில் பாதுவா நகருக்கு அருகில் லெஞ்ஞாரோ என்று ஒரு சிற்றூர். அங்கே ஏழை உழவர்களின் அன்றாட உணவு ‘பொலெந்தா’. நம் ஊர்க் கேழ்வரகுக் களியைப் போல மக்காச்சோள மாவில் கிண்டப்படும் களி அது. ஓர் உழவர் வீட்டில் முதல் நாள் கிண்டி வைத்த களியில் மறுநாள் சிவப்புப் புள்ளிகள் தென்பட்டன. சிறிது நேரத்தில் அவை இரத்தத் துளிகளைப் போலப் பெருகின. வீட்டார் அலறினர். களியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கிண்டினர். அதுவும் சிவந்தது!

“இது சாத்தானின் வேலை” என்றனர் சிலர். “அந்த வீட்டார் செய்த பாவத்துக்குத் தண்டனை” என்றனர் வேறு சிலர். பாதிரியார் வந்து மந்திரித்தார். களி சிவப்பது நிற்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் அது பரவியது. ஊரே நடுங்கியது.

பழைய அச்சம்

உணவில் இரத்தம் தோன்றும் கதை ஐரோப்பாவுக்குப் புதிதன்று. கி.மு. 332இல் அலெக்சாந்தர் டயர் நகரை முற்றுகையிட்டபோது, படைவீரர் ஒருவர் ரொட்டியைப் பிட்டதும் உள்ளே இரத்தம் தெரிந்ததாம். அரிஸ்டாண்டர் என்ற நிமித்திகர், “இரத்தம் ரொட்டிக்கு உள்ளே இருக்கிறது, ஆகவே கேடு நகருக்கு உள்ளே இருப்பவர்களுக்கே” என்று சொல்லி வீரர்களைத் தேற்றினார்.

கி.பி. 1263இல் இத்தாலியின் பொல்சேனா என்ற ஊரில் பூசை நடந்தபோது, அப்பத்திலிருந்து இரத்தம் வழிந்து பீடத்துத் துணியை நனைத்ததாகக் கூறுவர். அத்துணி ஒர்வியெத்தோ நகரப் பேராலயத்தில் இன்றும் போற்றப்படுகிறது. ஓவிய மேதை ரஃபேல் இந்த நிகழ்ச்சியை 1512ஆம் ஆண்டளவில் வத்திக்கான் சுவரில் தீட்டினார்.

இவை கேட்கச் சுவையான கதைகள். ஆனால் இதே நம்பிக்கைக்குக் கொடிய மறுபக்கமும் உண்டு. “யூதர்கள் அப்பத்தைத் திருடிக் குத்துகிறார்கள், அதில் இரத்தம் வழிகிறது” என்ற வதந்தி நூற்றாண்டுக் கணக்கில் உலவிற்று. 1298இல் ஜெர்மனியின் ரோட்டிங்கன் ஊரில் கிளம்பிய அத்தகைய வதந்தியால், ஊர் ஊராக யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். 1510இல் பெர்லினில் இதே குற்றச்சாட்டின்பேரில் 38 யூதர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். எது இரத்தம், எது இரத்தமன்று என்று சோதித்துப் பார்க்க அன்று எவரும் இல்லை.

ஆராய்ந்தவர் யார்?

லெஞ்ஞாரோ மக்களுக்கு நல்வாய்ப்பு இருந்தது. பாதுவாப் பல்கலைக்கழகம் அருகிலேயே இருந்தது. வின்சென்சோ செத்தே என்ற மருத்துவரும், பார்த்தலோமியோ பிசியோ என்ற இளம் மருந்தியலாளரும் தனித்தனியே ஆராய முற்பட்டனர்.

பிசியோ என்ன செய்தார் தெரியுமா? புதிதாகக் கிண்டிய களியை ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் வைத்தார். அது சிவந்தது. சிவந்த களியில் சிறிதளவை எடுத்து வெள்ளைக் களியில் தொட்டு வைத்தார். அந்த இடத்திலிருந்து சிவப்பு பரவியது. இதிலிருந்து ஒன்று தெளிவாயிற்று. சிவப்பு நிறம் வானத்திலிருந்து இறங்கவில்லை, ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தொற்றுகிறது, வளர்கிறது. அப்படியானால் அது உயிருள்ளது! சாத்தானை நம் விருப்பப்படி அழைக்க முடியாது. ஆனால் பிசியோ வேண்டும்போதெல்லாம் களியைச் சிவக்க வைத்தார்.

அந்த உயிருக்கு அவர் ‘செராஷியா மார்செசென்ஸ்’ என்று பெயரிட்டார். செராத்தி என்பவர் இத்தாலிய இயற்பியல் அறிஞர். அவரே நீராவிப் படகை முதலில் ஓட்டியவர் என்பது பிசியோவின் எண்ணம். ‘மார்செசென்ஸ்’ என்றால் வாடுவது. அந்தச் சிவப்பு விரைவில் மங்கிவிடுவதால் அப்பெயர். பிசியோ அதைப் பூஞ்சை என்றே கருதினார். உண்மையில் அது பாக்டீரியா. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஏறக்குறைய ஆயிரத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம்! 1848இல் பெர்லின் அறிஞர் ஏரன்பெர்க் இவ்வுயிரை நுண்ணோக்கியில் பார்த்ததோடு, பழைய ‘இரத்த அற்புதங்கள்’ பலவற்றையும் தேடித் தொகுத்தார்.

இரத்தமா, சாயமா?

இந்த பாக்டீரியா உண்டாக்கும் சிவப்புச் சாயத்தின் பெயர் ‘புரோடிஜியோசின்’. லத்தீனில் அதிசயக் குறியைச் சுட்டும் சொல்லிலிருந்து வந்தது. சாயம் நன்கு தோன்றுவது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. களி, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்கள் இதற்கு நல்ல உணவு. பூசை அப்பமும் மாவுப் பண்டம்தானே? 1994இல் அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் இதே பாக்டீரியாவை அத்தகைய அப்பத்தில் வளர்த்து, இரத்தம் போன்ற சிவப்பைத் தோற்றுவித்துக் காட்டினார். பொல்சேனாவில் நடந்ததும் இதுவே என்று அது மெய்ப்பித்துவிடவில்லை; இப்படியும் நடந்திருக்கலாம் என்றே காட்டிற்று.

இரத்தத்தையும் இச்சாயத்தையும் வேறுபடுத்துவது இன்று எளிது. இரத்தத்தில் சிவப்பணுக்களும் ஹீமோகுளோபினும் உண்டு. சாயத்தில் அவை இல்லை. சாயம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். காய்ந்த இரத்தம் கரும்பழுப்பாகும். இச்சாயமோ வெளிச்சம் பட்டால் வெளிறும்.

எச்சரிக்கை!

இந்தக் கதையில் அறிவியலுக்கும் ஒரு பாடம் உண்டு. செராஷியா தீங்கற்றது என்று வெகுகாலம் நம்பினர். சிவப்பு நிறத்தால் எளிதில் கண்டுகொள்ளலாம் என்பதால், காற்றில் கிருமி பரவும் விதத்தை அறிய அதைப் பயன்படுத்தினர். 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை, மக்களுக்குத் தெரிவிக்காமலே சான்பிரான்சிஸ்கோ நகரின் மீது இதைத் தூவியது. அதன்பின் அந்நகர மருத்துவமனை ஒன்றில் 11 நோயாளிகளுக்கு இத்தொற்று ஏற்பட்டது, ஒருவர் இறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. ஆயினும் உடல் நலிந்தவர்களுக்கு இது நோய் தரும் என்பது இன்று ஐயமற்ற உண்மை. ஆகவே இதை வீட்டில் வளர்த்துப் பார்க்க முயல வேண்டாம்! குளியலறை ஓடுகளின் இடுக்கில் இளஞ்சிவப்பாக வழவழப்புப் படிந்தால், அது இவ்வுயிராகவும் இருக்கலாம். தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மாணவர்களே! 1510இல் பெர்லினிலும் 1819இல் லெஞ்ஞாரோவிலும் மக்களைப் பிடித்தது ஒரே அச்சம்தான். பெர்லினில் “யார் குற்றவாளி?” என்று கேட்டார்கள், 38 உயிர்கள் போயின. லெஞ்ஞாரோவில் “இது எப்படி நடக்கிறது?” என்று கேட்டார்கள், ஒரு பாக்டீரியா அகப்பட்டது. அடுத்த முறை ஓர் ‘அற்புதம்’ பற்றிக் கேள்விப்பட்டால், நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்பீர்கள்?